புதுப்பிப்பு: கியர் ஆயிலில் தண்ணீர், ஓட்டை கிடைத்தது
முன்பு கேட்டது: அவுட்போர்டின் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) கீழ்ப்பெட்டியில், அதாவது கியர் இருக்கும் பகுதியில், உள்ள ஆயில் பால் காபி நிறத்தில் வடிகிறது. ஆயில் துளைகளின் திருகு வாஷர்களை மாற்றச் சொன்னீர்கள். மாற்றியும் தண்ணீர் புகுவது நிற்கவில்லை.

ஆயிலை வடித்து, மேல் துளையில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவியதில் குமிழியே இல்லை. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றியதும் அதன் சீலில் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) குமிழி கிளம்பியது. சுற்றாமல் சோதித்தால் இது பிடிபடாது. த்ரஸ்ட் வாஷருக்கு (புரொப்பல்லரைத் தாங்கும் வளையம்) பின்னால் தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) இறுகி, சீலின் உதட்டையே அறுத்திருந்தது. (எந்த வலையோடதோ!)

இரண்டு சீலும் ஓ-ரிங்கும் மாற்றியாச்சு. ஷாஃப்டில் நகம் மாட்டும் பள்ளம் இல்லை. இருந்தால் புது சீலும் நிற்காது. ஆயிலைக் கீழ்த்துளை வழியே ஏற்றி, மேலே குமிழியின்றி வழிந்ததும் முதலில் மேல் திருகு, பிறகு கீழ். கொஞ்சம் ஓட்டி மறுபடி வடிக்கணும். மிச்ச ஈரத்தால் முதல்முறை லேசாக மங்கலாம்.