எஸ்எஸ்டி-யில் கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுப்பது வீண்வேலையா?

சிம்மக்கல் படக்காரர்

மதுரை சிம்மக்கல்லில் திருமணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ நடத்துகிறேன். கடையில் இரண்டு கணினிகள், இரண்டிலும் லினக்ஸ் இயங்குதளம். ஒன்றில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க், மற்றொன்றில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத ஃபிளாஷ் நினைவக வட்டு. தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன் இரண்டின் கோப்பு முறைமையையும் (எந்தக் கோப்பை வட்டில் எங்கே, எப்படி வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) இஎக்ஸ்டி4-இலிருந்து பிடிஆர்எஃப்எஸ்-க்கு மாற்றினேன். நான் பயன்படுத்தும் டிஜிகேம் செயலி, படங்களின் பட்டியலை எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளக் கோப்பு ஒன்றில் வைத்துக்கொள்ளும். ஒரு படத்துக்கு நட்சத்திரக் குறி இட்டாலும் அந்தக் கோப்புக்குள்தான் எழுதும். ஐப்பசி முடிவதற்குள், ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பட்டியல் திறப்பதற்குள் வாடிக்கையாளருக்கு வாங்கி வைத்த காப்பி ஆறிவிடும் நிலை வந்துவிட்டது. துண்டுகளை எண்ணிச் சொல்லும் ஃபைல்ஃபிராக் கட்டளை கொடுத்துப் பார்த்தால், அந்த ஒரே கோப்பு பல்லாயிரம் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், எஸ்எஸ்டி-யிலும் ஏறக்குறைய அதே அளவு சிதறல்தான். ஆனால் அங்கே தாமதம் கண்ணுக்கே தெரியவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: கோப்பு முறைமையை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதெல்லாம் ஹார்ட் டிஸ்க் காலத்துக் கவலை. எஸ்எஸ்டி வாங்கியவர் எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

தல்லாகுளம் சர்வர்

அண்ணன் கண்டது சரி, அதிலிருந்து வந்து சேர்ந்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. முதலில் ஒரு சந்தேகம். எஸ்எஸ்டி கணினியில் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து மூடிவிட்டு மறுபடி திறந்து நேரம் பார்த்திருந்தால், நீங்கள் அளந்தது எஸ்எஸ்டி-யை அன்று, ரேமை. ஒருமுறை படித்ததை லினக்ஸ் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு அளந்து பாருங்கள்.

ஹார்ட் டிஸ்கில் நடந்ததற்குக் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு எடுப்பது 8.33 மில்லி விநாடி. வேண்டிய இடம், தட்டைப் படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் ஆகும். ஹெட் தடம் மாறுவதற்கு இன்னும் 8 மில்லி விநாடி சேரும். துண்டுக்கு 12 மில்லி விநாடி, துண்டுகள் 20,000 என்று வைத்துக்கொண்டால் 240 விநாடிகள், அதாவது நான்கு நிமிடம். எஸ்எஸ்டி ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி விநாடி போதும் என்பதால் அதே கோப்பு 2 விநாடியில் வந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி என்று அடுக்கடுக்காக இருப்பதைப் போலத்தான் தட்டின் தடங்களும் இருக்கின்றன. மாசி வீதி நீளமானது, வீடுகளும் அதிகம். தட்டின் வெளித்தடத்திலும் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு கிடைப்பதால் அங்கே வேகம் கூடும். ஒரு வீட்டுச் சாமான்களை இந்த வீதிகளிலெல்லாம் பிரித்து வைத்தால் வண்டிக்காரர் அலைந்தே ஓய்ந்துபோவார். ஒரு கோப்புறையின் கோப்புகளை அருகருகே வைக்க வேண்டும் என்ற எண்ணம் 1984-இல் விவரிக்கப்பட்ட பெர்க்லி விரைவுக் கோப்பு முறைமையிலேயே இருந்தது. இஎக்ஸ்டி4 வட்டை 128 மெகாபைட் குழுக்களாகப் பிரித்துக்கொள்வதும் அதே மரபில் வந்ததுதான். பிடிஆர்எஃப்எஸ் பழைய இடத்தின்மேல் எழுதாது. மாற்றம் ஒவ்வொன்றையும் புதிய இடத்தில் எழுதிவிட்டு, தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரிக் குறிப்பை மாற்றும். அதனால்தான் அடிக்கடி திருத்தப்படும் உங்கள் பட்டியல் கோப்பு சிதறியது. ஒருமுறை எழுதி அப்படியே விடப்படும் படங்களுக்கு அந்தச் சிக்கல் அவ்வளவாக வராது.

வேக வேறுபாடு எஸ்எஸ்டி-யில் குறைகிறது என்றால், தேர்வை வேறு அளவுகோலால் செய்யலாம் என்றுதான் பொருள். என் தங்கையின் திருமணப் படங்களைப் பழைய வட்டிலிருந்து எடுத்தபோது, தாலி கட்டும் படத்தின் மேல்பாதி சரியாக இருந்தது. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். இஎக்ஸ்டி4 கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்புத்தொகை (தரவு மாறிவிட்டதா என்று கண்டுபிடிக்க உதவும் எண்) வைப்பதில்லை, ஆகவே அது எச்சரிக்கவும் இல்லை. பிடிஆர்எஃப்எஸ் வைத்திருக்கும், படிக்கும்போதே பழுதைச் சொல்லிவிடும்.

சிம்மக்கல் படக்காரர்

மறுதொடக்கம் செய்துவிட்டு அளந்தேன். முன்பைவிடச் சற்று நேரம் கூடியது உண்மை, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் இஎக்ஸ்டி4-இல் வைத்த பிரதியோடு ஒப்பிட்டால் கண் சிமிட்டும் வேறுபாடுதான். நான் வேகத்தைப் பற்றிக் கேட்டேன், தம்பி பாதுகாப்பைப் பற்றிப் பதில் சொல்கிறார். தவிர, நீங்கள் சொன்ன வீதிகள் எஸ்எஸ்டி-க்குள் கிடையாது. அங்கே இருப்பது ஒரு லாட்ஜ். எந்த அறை காலியோ அதை மேலாளர் கொடுத்துவிடுகிறார், பேரேட்டில் குறித்துக்கொள்கிறார். கோப்பு முறைமை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் எஸ்எஸ்டி-யின் உள்ளே அந்த மேலாளராக இருக்கும் கன்ட்ரோலர் சில்லு தன் விருப்பப்படிதானே வைக்கப் போகிறது?

திருநகர் ஓய்வாசிரியர்

லாட்ஜ் உவமை நன்று. ஆனால் அந்த லாட்ஜில் ஒரு விதி உண்டு என்பதை விட்டுவிட்டீர்கள். அறைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். கழுவுவதென்றால் தளம் முழுவதையும் காலி செய்துதான் கழுவ வேண்டும். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பதோ பல பக்கங்கள் கொண்ட பெரிய தொகுதியாக. எந்த அறையின் விருந்தினர் போய்விட்டார் என்று டிரிம் கட்டளை மூலம் கோப்பு முறைமை சொல்லாவிட்டால், மேலாளர் வெறும் அறைச் சாமான்களையும் சுமந்து இடம் மாற்றிக்கொண்டிருப்பார்.

நீங்கள் இருவரும் படிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் என் மைத்துனர் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விடிவதற்கு முன் மல்லி வந்து இறங்கியதும் பில் மேல் பில்லாக விழும். அந்தச் செயலி ஒவ்வொரு பில்லுக்கும் எஃப்சிங்க் கேட்கும், அதாவது தரவு வட்டில் பதிந்துவிட்டது என்ற உறுதி கிடைத்த பிறகே அடுத்த வேலைக்குப் போகும். 7,200 சுற்று வட்டு விநாடிக்கு 120 முறைதான் சுற்றும். ஒன்றன்பின் ஒன்றாக உறுதி கேட்டால் ஏறக்குறைய அதுவே உச்சவரம்பு. மின்சாரம் போனாலும் எழுதி முடிக்கும்வரை சற்று மின்சாரம் தரும் மின்தேக்கி இல்லாத சாதாரண எஸ்எஸ்டி-யும், எஃப்சிங்க் கேட்டால் ஃபிளாஷில் எழுதி முடியும்வரை காத்திருந்தே பதில் சொல்ல வேண்டும். பெட்டியில் அச்சிட்ட வேகம் அங்கே கிடைக்காது. ஓர் எஃப்சிங்குக்கு எத்தனை முறை எழுதுவது என்பதைக் கோப்பு முறைமையே தீர்மானிக்கிறது. 2013-இல் லினக்ஸ் 3.8-இல் சேர்ந்த சாம்சங்கின் எஃப்2எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை அந்த எண்ணிக்கையைக் குறைக்கத் தனியாகவே வழி செய்திருக்கிறது. ஆகவே ஒன்றுதான் என்று சொல்ல முடியாது.

தல்லாகுளம் சர்வர்

ஐயா, நான் உங்கள் பக்கம்தான். ஆனாலும் எடுத்துக்காட்டு பொருந்தவில்லை. எந்தக் கமிஷன் கடையில் விநாடிக்கு 100 பில் போடுகிறார்கள்?

திருநகர் ஓய்வாசிரியர்

போடுவதில்லை. ஆனால் எஸ்க்யூலைட் தன் இயல்பான முறையில் ஒரே பதிவுக்குப் பலமுறை எஃப்சிங்க் கேட்கும். அதே நேரத்தில் பையன் முந்தைய நாள் கணக்கைப் பென்டிரைவுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தால், பில் அந்த வரிசையின் பின்னால் நிற்கும். எடையாளர் அடுத்த கூடையைத் தராசில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றதை நானே கண்டிருக்கிறேன்.

சிம்மக்கல் படக்காரர்

மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் சோதித்துப் பார்க்க நேரம் கிடைத்தது. ஹார்ட் டிஸ்கில் ஒரு வெற்றுக் கோப்புறையை உண்டாக்கி, அதற்குச் சேட்டர் கட்டளையால் இடம்மாற்றி எழுதுவதை நிறுத்தும் குறியை இட்டு, பட்டியல் கோப்பை அதற்குள் நகலெடுத்தேன். பட்டியல் பழையபடி உடனே திறக்கிறது. அந்தக் கோப்புக்கு மட்டும் சரிபார்ப்புத்தொகை போய்விடும் என்பது தெரியும். பட்டியலைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம், படங்களை உருவாக்க முடியாது. படங்கள் பிடிஆர்எஃப்எஸ்-இலேயே இருக்கட்டும். அந்த அளவுக்குத் தம்பி சொன்னதை ஏற்கிறேன். எஸ்எஸ்டி பற்றிய என் கட்சியில் மாற்றமில்லை.

திருநகர் ஓய்வாசிரியர்

உங்கள் எஸ்எஸ்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது? காலி வட்டில் அளந்தால் எல்லாக் கோப்பு முறைமையும் வேகமாகத்தான் இருக்கும்.

சிம்மக்கல் படக்காரர்

அளந்தபோது பாதிகூட நிரம்பவில்லை. ஐப்பசிப் படங்களை நேற்றுத்தான் அதில் ஏற்றினேன். இப்போது, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால் 94 விழுக்காடு என்கிறது. இந்த நிலையிலேயே எழுதும் வேகத்தை ஒருமுறை அளந்துவிட்டு, இடம் ஒழித்து டிரிம் ஓட்டிய பிறகு மறுமுறையும் அளந்து, தை பிறப்பதற்குள் இரண்டையும் இங்கே பதிவிடுகிறேன்.