ரோட்டிலிருந்து கீழே வீட்டுக்கு இறங்குற பாதை: மட்டம் மட்டும் காட்டுற லேசர் லெவலை வச்சு சரிவு வெட்டுறது எப்படி?

கச்சான்_காத்து

வணக்கம். ஹப்புத்தளைப் பக்கம் 40 பேர்ச் காணி. மேல பிரதேச சபை ரோடு, கீழ வீடு. ரோட்டு ஓரத்திலிருந்து போர்ச் வாசல் வரைக்கும் கிடையா 30 மீற்றர், இறக்கம் 3.24 மீற்றர். பாதை அகலம் 3 மீற்றர். இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். மேல 125 மில்லிமீற்றர் கொங்கிறீட், அடியில 150 மில்லிமீற்றர் ஏபிசி (இடிச்சு இறுக்குற கலப்பு உடைகல்) போடுற திட்டம்.

ரோட்டரி லேசர் (சுத்துற கதிர்), ரிசீவர் (கதிர் பட்டா கத்துற கருவி), 5 மீற்றர் ஸ்டாஃப் (அளவுக் கம்பு) மூணும் வாடகைக்கு வருது. ஆனா சரிவு செட் பண்ற வசதி அந்த லேசர்ல இல்ல, மட்டமா மட்டும்தான் சுத்தும். பேக்கோ ரெண்டு நாள்தான் நிற்கும்.

முக்காலியைச் சாய்ச்சு வச்சு சரிவு எடுக்கலாமா? லேசரை ரோட்டுல வைக்கிறதா, பாதை நடுவுல வைக்கிறதா? பேக்கோகாரருக்கு எந்த இடத்துல எவ்வளவு ஆழம்னு எப்படிச் சொல்றது?

ஹட்டன்_மட்டம்

முக்காலியைச் சாய்க்காதீங்க. இந்த வகை லேசர் 5 பாகை வரைக்கும்தான் தானா மட்டம் பிடிக்கும். 12 சதவீதச் சரிவுன்னா கிட்டத்தட்ட 7 பாகை. அவ்வளவு சாய்ச்சா லைட் மினுங்கும், தலை சுத்தாது. மெனுவல்ல போட்டா சுத்தும். ஆனா அதுக்கப்புறம் முக்காலியில யாராவது கால் பட்டாலும் அது உங்களுக்குச் சொல்லாது.

கதிர் மட்டமாவே இருக்கட்டும். சரிவை ஸ்டாஃப் வாசிப்புல கொண்டுவாங்க. இதுல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: நிலம் கீழ போகப் போக ஸ்டாஃப் வாசிப்பு கூடும்.

முதல்ல சரிவைப் பிரிச்சுக்கங்க. 3.24 ஐ 30 ஆல வகுத்து ஒரே 10.8 சதவீதமா இறக்கினா ரோட்டுல ஏறுற இடத்துலயும் போர்ச் வாசல்லயும் காரோட முன் பம்பர் உரசும். மேல முதல் 3 மீற்றரும் கீழ கடைசி 3 மீற்றரும் 6 சதவீதம் (ஒவ்வொண்ணும் 180 மில்லிமீற்றர் இறக்கம்), நடுவுல உள்ள 24 மீற்றர் 12 சதவீதம் (3 மீற்றருக்கு 360). கூட்டிப் பாருங்க, 0.18 + 2.88 + 0.18, சரியா 3.24 வரும்.

ரோட்டுல தார் முடியிற ஓரத்துல கொங்கிறீட் ஆணி ஒண்ணு அடிச்சு அதை பி.எம். (மட்டத்துக்கு ஆதாரப் புள்ளி) 100.000 ன்னு வைங்க. லேசரை ரோட்டோரம் கெட்டி நிலத்துல நிறுத்தி அந்த ஆணி மேல ஸ்டாஃப் வைங்க. வாசிப்பு 1.420 ன்னு வச்சுக்குவோம். அப்போ கதிரோட உயரம் 101.420. பேக்கோ வெட்ட வேண்டியது கொங்கிறீட் முகத்துக்கு இல்ல, அதுக்குக் கீழ 275 மில்லிமீற்றருக்கு (கொங்கிறீட் 125 + ஏபிசி 150). இதை மறந்துட்டு முகமட்டத்துக்கே வெட்டி முடிச்ச பாதைகள் நிறைய. அப்புறம் ஏபிசி போட இடம் இருக்காது, மறுபடி பேக்கோ கூப்பிடணும்.

வெட்டு அடிமட்டத்துக்கு ஸ்டாஃப் வாசிப்பு இப்படி வரும் (பாதை நடுக்கோட்டுல, மீற்றர்ல; முதல் எண் ரோட்டு ஓரத்திலிருந்து தூரம், ரெண்டாவது வாசிப்பு):

0 – 1.695
3 – 1.875
6 – 2.235
9 – 2.595
12 – 2.955
15 – 3.315
18 – 3.675
21 – 4.035
24 – 4.395
27 – 4.755
30 – 4.935

கணக்குப்படி கடைசி வரைக்கும் 5 மீற்றர் ஸ்டாஃப் போதும். ஆனா முழுசா நீட்டின ஸ்டாஃபை உங்க ஊர்க் காத்துல நேரா பிடிக்க முடியாது. 4.9 மீற்றர் உயரத்துல 5 பாகை சாய்ஞ்சா ரிசீவர் கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர் கீழ இறங்கிடும். பிழை எப்பவும் ஒரே பக்கம்தான், நிலம் அந்த அளவு மேடா நின்னுடும். அதனால 15 மீற்றர் வரைக்கும் மேல இருந்து பாருங்க, அதுக்குக் கீழ லேசரை இறக்கி வைங்க. ஸ்டாஃப்ல ஒரு வட்டக் குமிழ் மட்டம் கட்டிட்டா இன்னும் நல்லது.

லேசரை இறக்குறது எப்படி: வெட்டுக்கு வெளிய பேக்கோ மிதிக்காத இடத்துல ஒரு முளை அடிச்சு, தலையில ஆணி வைங்க. மேல இருக்கிற லேசர்ல அதோட வாசிப்பு 3.150 ன்னா அந்த ஆணி மட்டம் 98.270. லேசரைக் கீழ கொண்டுபோய் நிறுத்தி அதே ஆணியில மறுபடி வாசிங்க. 0.640 வந்தா புதுக் கதிர் உயரம் 98.910. இப்போ 18 மீற்றர்ல 1.165, 21 ல 1.525, 24 ல 1.885, 27 ல 2.245, 30 ல 2.425. மேல இருந்து ஏற்கனவே வெட்டி முடிச்ச 15 மீற்றர் இடத்துல, வெட்டு அடியில புதுசா வாசிச்சுப் பாருங்க, 0.805 வரணும். 5 மில்லிமீற்றருக்கு மேல வித்தியாசம் இருந்தா ஆணி மட்டத்தைத் திரும்ப எடுங்க.

ஊவா_சாய்வு

ஹட்டன்_மட்டம் சொன்னது சரி, ஆனா வேலை நேரம் கூடும். சரிவு செட் பண்ற லேசர் வாடகைக்குக் கிடைச்சா அதை எடுங்க. அப்புறம் ஸ்டாஃப்ல ரிசீவரை ஒரே உயரத்துல பூட்டிட்டு எங்க வச்சாலும் ஒரே 'பீப்'. கூலியாளுக்கே விளங்கும், கணக்குத் தாள் தேவையில்ல. கொஞ்சம் காசு கூட, ஆனா பேக்கோ மணிக்கணக்கோட பார்த்தா லாபம்.

ஹட்டன்_மட்டம்

@ஊவா_சாய்வு நூறு மீற்றர் ஒரே சரிவுன்னா நானும் அதைத்தான் சொல்லுவேன். இங்க 30 மீற்றருக்குள்ள மூணு சரிவு, ஒவ்வொண்ணுக்கும் திரும்ப செட் பண்ணணும். இன்னொண்ணு, சரிவு லேசரை பாதையோட திசைக்குச் சரியாத் திருப்பி வைக்கணும். கொஞ்சம் விலகினாலும் பாதைக்கு வேண்டாத குறுக்குச் சாய்வு வந்துடும், அது கண்ணுக்குத் தெரியாது, கொங்கிறீட் போட்ட பிறகு தண்ணி காட்டிக்கொடுக்கும். சில மொடல்கள் 10 சதவீதத்தோட நின்னுடும், அதையும் வாடகைக்கு எடுக்க முன்ன கேளுங்க.

கான்வெட்டி

ரெண்டு பேருமே லேசரைப் பத்திப் பேசிட்டீங்க. தப்பு பெரும்பாலும் டேப்லதான் வரும்.

பட்டியல்ல உள்ள 3 மீற்றர் இடங்களுக்கு முளை அடிக்கும்போது சரிவு மேல டேப் போட்டு அளந்தா கிடைத் தூரம் குறைஞ்சுடும். 12 சதவீதச் சரிவுல 30 மீற்றருக்கு 215 மில்லிமீற்றர் வித்தியாசம், அது மட்டத்துல 26 மில்லிமீற்றர். வெட்டாத நிலம் இதைவிடச் செங்குத்தா இருந்தா இன்னும் கூடும். டேப்பைக் கிடையாப் பிடிச்சு, தூக்குக் குண்டு விட்டு, மூணு மூணு மீற்றரா இறங்குங்க.

முளைகளை நடுக்கோட்டுல அடிக்காதீங்க, முதல் வாளியிலயே போயிடும். பாதை ஓரத்திலிருந்து 1 மீற்றர் வெளிய, ரெண்டு பக்கமும் அடிங்க. பேக்கோ வர்றதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு இடத்துலயும் இப்போ இருக்கிற நில வாசிப்பை எடுத்து எழுதுங்க. உதாரணமா 12 மீற்றர்ல நிலம் 2.310 காட்டினா, 2.955 ல கழிங்க, 0.645 மீற்றர் வெட்டு. முளையில பெயின்ற்ல '0.645 வெட்டு' ன்னு எழுதிடுங்க. பேக்கோகாரர் கேட்கிறது இந்த ஒரு எண்ணைத்தான். கழிச்சு மைனஸ் வந்தா அந்த இடம் நிரப்பு.

பிறகு அந்த முளைகள்ல வெட்டு அடிமட்டத்துக்கு மேல சரியா 1 மீற்றர் உயரத்துல கோடு போட்டு எதிரெதிர் முளைக்கு நூல் கட்டுங்க. நூல்ல இருந்து 1 மீற்றர் கம்பு. மூடுபனி இறங்கினா லேசர் ஒளி சிதறும், ரிசீவர் பிடிக்கிற தூரம் குறையும், இல்லாத இடத்துல எல்லாம் கத்தும். அந்த நேரம் நூலும் கம்பும் வச்சே வேலையை ஓட்டலாம்.

பேக்கோவை அடிமட்டத்துக்கு 50 மில்லிமீற்றர் மேலேயே நிறுத்தச் சொல்லுங்க. பல்லுள்ள வாளி அதுக்குக் கீழ மண்ணைக் கிளறி விட்டுடும். மிச்சத்தை மம்பட்டியால சுரண்டி எடுங்க. பல்லில்லாத வாளி இருந்தா மாட்டச் சொல்லிக் கேளுங்க. எங்கயாவது ஆழமாப் போயிட்டா அந்தப் பள்ளத்தை வெட்டின மண்ணால நிரப்பாதீங்க, ஏபிசி போட்டு இடிச்சு இறுக்குங்க. உருண்டையாக் கருங்கல் வந்தா அலவாங்கால அசைச்சுப் பாருங்க. அசைஞ்சா முழுசா எடுங்க, பாதி கல் பாதி மண்ணு மேல கொங்கிறீட் போட்டா அந்த விளிம்புல வெடிக்கும்.

தண்ணி விஷயம். வீடு கீழ இருக்கு, அதனால இதுதான் உங்க பெரிய வேலை. பாதை மட்டும் 90 சதுர மீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்துல மழை அடிச்சா செக்கனுக்கு 2.5 லீற்றர் தண்ணி போர்ச் வாசலுக்கு வரும், மேட்டுப் பக்கத்துல இருந்து இறங்குறது தனி. குறுக்குச் சாய்வை இடது மேட்டுப் பக்கமா 2.5 சதவீதம் வைங்க. 3 மீற்றருக்கு 75 மில்லிமீற்றர், அதாவது இடது ஓரத்துல பட்டியல் வாசிப்போட 0.04 கூட்டுங்க, வலது ஓரத்துல 0.04 கழிங்க. இடது ஓரத்துல 300 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கான். போர்ச்சுக்கு முன்னால குறுக்கா கம்பிமூடி போட்ட கான் ஒண்ணு, அதுக்கு வாட்டம் 1 சதவீதத்துக்குக் குறையாம. பள்ளத்துப் பக்கம் நிரப்பு மண்ணுல தண்ணியை விடாதீங்க, அது உள்ளே இறங்கிப் பாதையோட விளிம்பைச் சரிச்சுடும்.

ரோட்டுக் கானை மூடாதீங்க. ஹியூம் குழாய் போடுறதைவிடத் தூக்கி எடுக்கக்கூடிய ஸ்லாப் நல்லது, இலையும் மண்ணும் அடைச்சா திறந்து வாரலாம். ரெண்டுக்குமே சபையில அனுமதி வேணும். ஸ்லாப் தாண்டினதும் 50 மில்லிமீற்றர் வரம்பு ஒண்ணு எழுப்பினா ரோட்டுத் தண்ணி உள்ள வராது.

வெட்டின மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடச் சொல்லி பேக்கோகாரர் கேட்பார், ட்ரிப் மிச்சம்னு. சம்மதிக்காதீங்க. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தை சரிஞ்சது இதே மாவட்டத்துலதான். மேட்டுப் பக்க வெட்டு ஆளுயரத்துக்கு வந்தா, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல கேட்காம வெட்டவே வேணாம். மண்சரிவு அபாய மாவட்டத்துல வீட்டு அனுமதிக்கே அவங்க சிபாரிசு தேவைப்படுது.

கச்சான்_காத்து

ரொம்ப நன்றி, பட்டியலை அச்சடிச்சு வச்சுக்கிட்டேன். ரெண்டு சந்தேகம். வாடகை லேசர் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? மாதம் எது நல்லது?

ஹட்டன்_மட்டம்

சோதிக்க கால் மணி நேரம் போதும். ஒரு சுவர்ல இருந்து 30 மீற்றர் தள்ளி லேசரை நிறுத்துங்க. ரிசீவரைச் சுவர்ல பிடிச்சு கதிர் படுற இடத்துல கோடு போடுங்க. முக்காலி தலையில லேசரைக் கால் வட்டம் திருப்பி மறுபடி கோடு. நாலு பக்கமும் அப்படியே. முதலாவதுக்கும் மூணாவதுக்கும், ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் உள்ள இடைவெளி 5 மில்லிமீற்றருக்கு மேல போனா திருப்பிக் கொடுத்துட்டு வேற கேளுங்க. வெட்டுக்கு இது போதும்.

ரிசீவர்ல துல்லியம் மாத்துற பட்டன் இருக்கும். பேக்கோ ஓடுற நேரம் பரும்படி, கொங்கிறீட் பலகை கட்டுற நேரம் நுணுக்கம். நுணுக்கத்துல வச்சு மண் வெட்டினா 'பீப்' நிலையா நிற்காது, ஆள் எரிச்சல்படுவாரு. வெயில்ல கதிர் கண்ணுக்குத் தெரியாது, அது பழுதில்ல. பக்கத்துல தகரக் கூரையோ கண்ணாடி ஜன்னலோ இருந்தா பிரதிபலிச்சுப் பொய்யா கத்தும். பேக்கோ கூரையில மினுங்குற மஞ்சள் லைட்டும் சில ரிசீவரைக் குழப்பும், அணைச்சு வைக்கச் சொல்லுங்க. முக்காலி பேக்கோவுக்கு 10 மீற்றராவது தள்ளி இருக்கட்டும், இல்லாட்டி அதிர்வுல அடிக்கடி தலை நின்னு நின்னு மட்டம் தேடும். டீ குடிச்சிட்டு வந்ததும் முதல் வேலை பி.எம். ஆணி வாசிப்பு. 1.420 வராட்டி அதுக்கு முன்ன எடுத்ததை நம்பாதீங்க.

மாதம்: ஊவாவுக்கு ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. மழை குறைவு, ஆனா உங்க பேருக்கு ஏத்த கச்சான் காத்து அடிக்கும். காலையில 6 மணியிலிருந்து 10 மணிக்குள்ள லேசர் வேலையை முடிச்சுக்கங்க. ஒக்டோபர் வந்துட்டா வெட்டைத் திறந்து போடாதீங்க. ஹட்டன், நுவரெலியா பக்கத்து ஆட்கள் இதைப் பார்த்துட்டு ஜூன்ல ஆரம்பிச்சுடாதீங்க, உங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான்.

கான்வெட்டி

ஏபிசி எவ்வளவுன்னு யாரும் சொல்லல. ஓரத்துக்கு ரெண்டு பக்கமும் 150 மில்லிமீற்றர் கூட வச்சா 30 × 3.3 × 0.15, இடிச்ச பிறகு 15 கன மீற்றர். இடிக்கும்போது அமுங்குறதுக்கு 30 சதவீதம் சேர்த்தா 19.3, கிட்டத்தட்ட 7 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). உதிரியா 195 மில்லிமீற்றர் பரப்பினா இடிச்ச பிறகு 150 க்கு வரும். பிளேட் கொம்பக்டர்னா ரெண்டு அடுக்காப் பிரிச்சு இடிங்க. கொங்கிறீட் 11.25 கன மீற்றர், 4 கியூபுக்கு ஒரு சொட்டுக் குறைவு.

அடிமண்ணைக் கையில பிடிச்சு உருண்டையாக்கிப் பாருங்க. விரல்ல தண்ணி ஒட்டினா இடிக்காதீங்க, ரப்பர் மாதிரி துள்ளும், மேல போடுற ஏபிசி உள்ள போயிடும். ரெண்டு நாள் காய விடுங்க.

பட்டியல் அப்படியே மூணு வேலைக்கும் உதவும். 12 மீற்றர்ல வெட்டு அடி 2.955, ஏபிசி முகம் 2.805, கொங்கிறீட் முகம் 2.680. பலகை கட்டுற நாள்ல லேசர் வேற உயரத்துல நிற்கும், அதனால பி.எம். வாசிப்பு 1.420 க்குப் பதிலா எவ்வளவு வந்ததோ அந்த வித்தியாசத்தை எல்லாத்தோடயும் கூட்டுங்க, இல்லாட்டி கழிங்க. பேனாவால புதுப் பட்டியல் எழுதிட்டு பழைய தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க, ரெண்டு தாளும் சைட்ல கிடந்தா மேசன் பாஸ் பழசைத்தான் எடுப்பார்.