4 வருஷம் சும்மா கிடந்த செயின்சா தானாக ரேஸ் ஆகி அணைகிறது, ஜெனரேட்டரில் 165 வோல்ட்தான் வருகிறது

குடியாத்தம் தோப்பு:

வணக்கம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இரண்டு மெஷினை ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வங்கக்கடலில் புயல் கிளம்பினால் எங்கள் பக்கம் மரம் சாய்ந்து லைன் அறுந்துவிடுகிறது. ஊருக்குள் சரிசெய்த பிறகுதான் கழனிக்கட்டுப் பக்கம் ஆள் வருவார்கள்.

ஒன்று, 45 சி.சி. செயின்சா, 18 அங்குல பார். டேங்கில் பெட்ரோலோடு 4 வருஷம் கிடந்தது. பழையதைக் கொட்டிவிட்டுப் புது மிக்ஸ் ஊற்றி, புது பிளக்கும் போட்டாயிற்று. சோக்கில் பிடிக்கிறது. சோக்கை எடுத்ததும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ரேஸ் ஏறுகிறது, செயினும் சேர்ந்து சுற்றுகிறது, அரை நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது. ஐடில் ஸ்குரூவை முழுக்க வெளியே எடுத்தாலும் ரேஸ் இறங்கவில்லை.

இரண்டு, 2.2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர், 2012 பவர் கட் சமயத்தில் வாங்கியது. ஏ.வி.ஆர். (வோல்ட்டைச் சீராக்கும் போர்டு), கார்பன் பிரஷ் இரண்டுமே இல்லாத கப்பாசிட்டர் மாடல். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. மீட்டரில் 165 வோல்ட். இதில் வீடும் 1 எச்.பி. போர் மோட்டாரும் ஓடுமா? இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை வீட்டு பவர் பிளக்கில் சொருகினால் வீடு முழுக்க சப்ளை வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

சத்துவாச்சாரி வயரிங்:

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: செய்யவே கூடாது சார். அந்த வயரின் ஒரு முனையைப் பிடுங்கினால் இன்னொரு முனையின் பின்கள் 230 வோல்ட்டோடு கையில் நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து தெருவில். மெயினை ஆஃப் செய்ய மறந்தால் உங்கள் சப்ளை மீட்டர் வழியாக வெளியே போய் டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாக ஓட்டும். வழக்கமாக 11,000 வோல்ட்டை வீட்டு வோல்ட்டாகக் குறைக்கிற அதே டிரான்ஸ்பார்மர், உங்கள் 230-ஐ மேலே ஏற்றி எச்.டி. லைனில் விடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறியிருப்பவர் கையில் அது பாயும். "மறக்காமல் மெயினை ஆஃப் பண்ணிடுவேன்" என்பதை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது.

சரியான வழி, 32 ஆம்ப் டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மீட்டர், மெயின் சுவிட்ச், அதற்குப் பிறகு சேஞ்ச் ஓவர், அங்கிருந்து டி.பி. (வீட்டு ஃபியூஸ், எம்.சி.பி. இருக்கும் பெட்டி). ஒரு பக்கம் ஈ.பி., ஒரு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். பேஸ், நியூட்ரல் இரண்டும் மாற வேண்டும். நியூட்ரலை மாற்றாமல் பேஸை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜெனரேட்டரில் இருந்து 4 ஸ்கொயர் காப்பர் வயர். பாடியைத் தனியாக எர்த் ராடில் கட்டி, ஜெனரேட்டர் நியூட்ரலையும் அங்கே எர்த்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். அதைச் சேர்க்காவிட்டால் ஜெனரேட்டரில் ஓடும்போது எர்த் ஃபால்ட் வந்தாலும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையை நிறுத்தும் சுவிட்ச்) டிரிப் ஆகாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது.

போர் மோட்டார் ஓடாது. 1 எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் ஓடும்போதே 7, 8 ஆம்ப் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் நாலைந்து மடங்கு. உங்கள் மெஷின் மொத்தமே 9.5 ஆம்ப். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், வைண்டிங் சூடேறும். அதற்கு 5 கே.வி.ஏ. வேண்டும். மழை வருகிறது என்றதும் மேல் டேங்கை நிரப்பி வைப்பதுதான் மலிவான வழி.

வீட்டு லோடு தாங்கும். 75 வாட் ஃபேன் 4, எல்.இ.டி. 6, டி.வி., மோடம் எல்லாம் சேர்த்து 500 வாட்டுக்குள். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட், கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அதனால் முதலில் ஃபிரிட்ஜ் மட்டும், அது நிதானத்துக்கு வந்த பிறகு மற்றது.

ஏறி இறங்கும் சத்தத்துக்கு வருகிறேன். ஓடும்போது சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். சத்தம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. கார்புரேட்டர் கப்பைக் கழற்றினால் அடியில் பச்சையும் பழுப்புமாகப் பிசின் மாதிரி படிந்திருக்கும். கார்ப் கிளீனர் அடித்து, வயரில் இருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையை ஜெட்டுக்குள் விட்டு எடுங்கள். குண்டூசி, ஸ்டீல் கம்பி விட்டால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும். இதை முடிக்காமல், எஞ்சின் வேகத்தை வைக்கிற கவர்னர் ஸ்குரூவில் கை வைக்காதீர்கள்.

அடுத்து மீட்டரை ஹெர்ட்ஸில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் 3,000 ஆர்.பி.எம். லோடு இல்லாமல் 51.5 முதல் 52 வரை இருந்தால், முழு லோடில் 49, 50-க்கு வந்து நிற்கும். ஹெர்ட்ஸ் சரியான பிறகும் வோல்ட் குறைந்தால்தான் ஆல்டர்னேட்டரை (கரண்ட் தயாரிக்கும் பகுதியை) சந்தேகப்பட வேண்டும். உங்கள் மாடலில் முதல் குற்றவாளி கப்பாசிட்டர். மெஷினை நிறுத்தி, இரண்டு முனையையும் பல்பு மாட்டிய ஹோல்டரின் வயர்களில் தொட்டு டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, மைக்ரோ ஃபாரட் அளந்து பாருங்கள்.

ஆற்காடு பட்டறை:

செயின்சாவை இனிமேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள் அண்ணா. ஐடில் ஸ்குரூ வெளியே இருந்தும் ரேஸ் ஏறினால் எங்கோ காற்று இழுக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூட்டில் இறுகிச் சீஸ் ஆகும். 200, 300 ரூபாய் ரப்பர் வேலை சிலிண்டர் செட் வேலையாகப் போய் முடியும்.

சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால் நகத்தால் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டினால் பிஸ்டன், ரிங் மாற்ற வேண்டும். மாட்டாவிட்டால் பிழைத்தது. கம்ப்ரெஷன் கேஜ் கிடைத்தால் 150 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் நல்லது, 120-இலும் ஓடும், 100-க்குக் கீழே என்றால் ரிப்பேரை யோசிக்க வேண்டும். சைலன்சர் வாயில் உள்ள வலையில் கரி அடைத்திருந்தால் அதையும் பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள்.

லீக் எங்கே என்று கண்டுபிடிக்க பி.பி. பார்க்கிற கருவியின் பம்பும் மீட்டரும் போதும். கார்புரேட்டரைக் கழற்றி, இன்டேக் ரப்பர் வாயைச் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து இறுக்குங்கள். சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இன்னொரு துண்டு. பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டனை மேலே நிறுத்தினால் இன்டேக் வழி கீழ் அறையோடு திறந்திருக்கும், அந்த ரப்பரும் சோதனைக்குள் வந்துவிடும். கீழ் அறையில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் சின்னக் குழாயான இம்பல்ஸ் பைப் வழியாக, பி.பி. மீட்டரில் 250 வரை ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அரை நிமிஷம் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரை இன்டேக் ரப்பர், இம்பல்ஸ் பைப், கிளட்ச் பக்க சீல், ஃபிளைவீல் பக்க சீல் என்று வரிசையாகத் தடவுங்கள். நுரை கிளம்புகிற இடம்தான் லீக்.

ஒரு எச்சரிக்கை: கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான சீலின் உதடு உள்ளிருந்து அழுத்தும்போது தண்டோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சும்போது விலகும். அதனால் அழுத்தத்தில் நின்றாலும் சீல் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. பிரேக் பிளீட் செய்கிற கைப்பம்பு இருந்தால் வேக்கம் வைத்தும் பார்த்துவிடுங்கள்.

கார்புரேட்டர் கிட் எப்படியும் போட்டாக வேண்டும். அதில் வரும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு, புதிதாக இருந்தால் துணி மாதிரி தொய்யும். உங்களுடையதை விரலால் அழுத்தினால் பிஸ்கட் கவர் மாதிரி படபடக்கும் பாருங்கள். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரிங் பக்கம் முதலில் கேஸ்கெட், அதன் மேல் டயாபிரம். மாற்றிப் போட்டால் எத்தனை முறை இழுத்தாலும் சரியாக ஓடாது.

வாலாஜா தோப்புக்காரர்:

இவ்வளவு எதற்கு? பழைய மெஷினுக்கு லிட்டருக்கு 40 மி.லி. ஆயில் ஊற்றினால் பிஸ்டன் பத்திரம். 20 மி.லி. ஊற்றித்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள்.

ஆற்காடு பட்டறை:

சார், மெஷின் புத்தகத்தில் 25-க்கு 1 என்று போட்டிருந்தால் 40 மி.லி. சரி. சைனா 58 சி.சி. மெஷின்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். 50-க்கு 1 என்று சொன்ன மெஷினில் ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.டி. தரம் போட்ட டூ ஸ்ட்ரோக் ஆயில் 20 மி.லி. போதும். இங்கே கோளாறு காற்று லீக். ஆயிலைக் கூட்டினால் அந்த அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறையும், மெலிந்த கலவை இன்னும் மெலியும். பிளக்கிலும் வலையிலும் கரிதான் சேரும்.

குடியாத்தம் தோப்பு:

இரண்டையும் பிரித்துப் பார்த்தாயிற்று. செயின்சாவில் 250 ஏற்றினால் பத்து எண்ணுவதற்குள் பூஜ்யம், ஃபிளைவீலுக்குப் பின்னால் நுரை. பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் லேசான கோடு, நகம் மாட்டவில்லை. ஜெனரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்ததும் சத்தம் சீராகிவிட்டது. 46 ஹெர்ட்ஸ் காட்டியது, 51.5-க்கு ஏற்றினால் 205 வோல்ட். கப்பாசிட்டரில் 22 என்று அச்சிட்டிருக்கிறது, மீட்டரில் 16.

சத்துவாச்சாரி வயரிங்:

22-க்கு 16 என்றால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. 10 சதவீதம் குறைந்தாலே மாற்ற வேண்டும். அதே 22, வோல்ட் ரேட்டிங் பழையதைவிடக் குறையாமல் வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் வோல்ட் அளவுக்கு மேல் ஏறும். டி.வி.யைச் சொருகும் முன் 100 வாட் குண்டு பல்பு போட்டு 10 நிமிஷம் வோல்ட் பாருங்கள்.

எஞ்சின் ஆயிலையும் மாற்றுங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு 600 மி.லி. பிடிக்கும், 10டபிள்யூ-30. ஆயில் குறைந்தால் சில மாடல்களில் சென்சார் பிளக் கரண்ட்டை நிறுத்திவிடும். ஸ்பார்க் இல்லை என்று காயிலை மாற்றுவதற்கு முன் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மெஷினைச் சமதரையில் வையுங்கள், சாய்ந்திருந்தாலும் சென்சார் ஏமாறும்.

வைக்கும் இடம்: வீட்டில் இருந்து 20 அடியாவது தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கம், சைலன்சர் வெளியே பார்க்க. மழைக்கு மேலே ஒரு தகரம், நாலு பக்கமும் திறந்தவெளி. மாடிப்படி அடி, திண்ணை, மோட்டார் கொட்டகை எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். பாதி லோடில் மணிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் குடிக்கும். ஊற்றும்போது நிறுத்தி 10 நிமிஷம் ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

ஆற்காடு பட்டறை:

ஒரு பக்க சீல் போனால் இரண்டையும் மாற்றிவிடுங்கள், ஒரே வயசு ரப்பர். அளவு சீலின் முகத்திலேயே இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். கிளட்ச் இடது மரை, கடிகாரம் சுற்றுகிற திசையில்தான் கழலும். பிளக் துளையில் முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டுப் பிஸ்டனை நிறுத்துங்கள். பிஸ்டன் எக்ஸாஸ்ட் துளையைத் தாண்டி மேலே வந்த பிறகு கயிற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் துளையில் சிக்கி நசுங்கும். ஃபிளைவீலுக்குப் புல்லர் போடுங்கள், சுத்தியல் வேண்டாம். திரும்பப் போடும்போது காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி. சீல் எடுக்கும்போது தண்டில் கீறல் விழக்கூடாது, புது சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ்.

பிறகு கார்புரேட்டரில் உள்ள எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) ஸ்குரூ இரண்டையும் மெதுவாக மூடி ஒரு சுற்றுத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். 3 நிமிஷம் சூடான பிறகு எல்-இல் அதிக வேகம் வரும் இடத்தைப் பிடித்து, கால் சுற்றுக்கு உள்ளாக வெளியே எடுங்கள். ஐடில் ஸ்குரூவில் செயின் நிற்கும் வரை குறைக்கலாம். இதற்குப் பிறகும் செயின் நிற்காமல் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் பாருங்கள். எச்-க்குக் காதுதான் மீட்டர்: கட்டையில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்தால் லேசாகத் தடதடக்க வேண்டும், கட்டையில் அழுத்தியதும் அந்தத் தடதடப்பு தெளிய வேண்டும். காற்றிலேயே கூர்மையாகக் கத்தினால் எச்-ஐ இன்னும் திறங்கள்.

ஜவ்வாது மலையடிவாரம்:

18 அங்குல பார், 45 சி.சி. என்றால் பெரும்பாலும் .325 பிட்ச் செயின், 4.8 மி.மீ. உருண்டை அரம். பாரின் அடியில் பொறித்திருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், 3/8 என்றால் அரத்தின் அளவு மாறும். மேல் பல்லில் 30 டிகிரி கோடு இருந்தால் அதோடு பிடித்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. தூள் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது, சீவலாக விழ வேண்டும். நாலைந்து தடவை தீட்டிய பிறகு முன்னால் உள்ள மேடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போனால் ஒரு பக்கப் பல் நீளமாக இருக்கிறது.

சாலையோரப் புளியமரத்தில் விளம்பரத் தகடு அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். ஆள் உயரம் வரை பட்டையைக் கொத்திப் பார்த்துவிட்டு வையுங்கள். பாருக்குப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள், அதில் உள்ள இரும்புத் துகள் பாரையும் பம்பையும் தின்றுவிடும்.

சாய்ந்த மரத்தில் வளைந்து நிற்கும் கிளையை இழுபடுகிற பக்கம் முதலில் வெட்டக் கூடாது, பிளந்துகொண்டு முகத்தில் அடிக்கும். அமுங்கிய பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குள் வெட்டிவிட்டு, மறுபக்கம் மெதுவாக. பாரின் மூக்கால் எதையும் தொடாதீர்கள், மெஷின் எகிறும். மரத்தின் மேல் கம்பி கிடந்தால், கரண்ட் இல்லை என்று ஊரே சொன்னாலும், ஈ.பி. ஆள் வந்து எர்த் செய்யும் வரை கிட்டே போகாதீர்கள்.

குடியாத்தம் தோப்பு:

புது கப்பாசிட்டரில் 228 வோல்ட், 51.5 ஹெர்ட்ஸ். சேஞ்ச் ஓவருக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். சீல் இரண்டும் மாற்றி செயின்சா ஐடிலில் நிற்கிறது, செயின் சுற்றவில்லை. மழை முடிந்ததும் எடுத்து வைக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

ஆற்காடு பட்டறை:

செயின்சாவில் டேங்கைக் கொட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்து தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். கலந்த பெட்ரோலை ஒரு மாசத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஜெனரேட்டரில் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காலியாகி நிற்கும் வரை ஓட்டுங்கள். மாசம் ஒரு தடவை அரை மணி நேரம் லோடோடு ஓட்ட வேண்டும். ஈ.பி. மாதாந்திர ஷட் டவுன் வைக்கிற நாளையே அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது.