கார்னூஸ்டியின் கடைசி ஹோல்: ஆடியவர்கள் சொல்வதும் பார்த்தவர்கள் சொல்வதும் ஏன் வேறுபடுகின்றன?

கேள்வி: வடவள்ளி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். நான் கோல்ஃப் பார்க்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. பெரும் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடியவர்கள், அவர்களுக்குக் கேடியாக (பை சுமந்து ஆலோசனை சொல்லும் உதவியாளராக) இருந்தவர்கள், ஒளிபரப்பில் விளக்கம் சொல்பவர்கள் ஆகியோரின் நீண்ட உரையாடல்களை அண்மைக் காலமாகத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர் பிரான்ஸின் ஜான் வான் டெ வெல்ட்.

1999-ஆம் ஆண்டு ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பன் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஹோலுக்கு (18-ஆவது குழிக்கான ஆட்டப் பகுதிக்கு) அவர் மூன்று ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையுடன் வந்தார். அது பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல். 487 கெஜ நீளம். ஆறு ஸ்ட்ரோக்கில் முடித்தாலே கோப்பை அவருடையது. 1907-இல் வென்ற அர்னோ மாஸிக்குப் பிறகு ஓப்பனை வெல்லும் முதல் பிரெஞ்சுக்காரர் என்ற பெயரும் கிடைத்திருக்கும். அவர் வெகுதூரம் அடிப்பதற்கான கோலான டிரைவரை எடுத்தார். பந்து வலப்புறம் வெகுதூரம் விலகியது. அடுத்து இரண்டாம் எண் அயன் என்னும் கோலால் அடித்த பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி, நெடும்புல்லில் விழுந்தது. மூன்றாவது அடி பாரி பர்ன் ஓடைக்குள் போயிற்று. காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு அவர் ஓடைக்குள் இறங்கி நின்ற படத்தை, இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களும் எங்கேனும் பார்த்திருப்பார்கள். முடிவில் ஏழு ஸ்ட்ரோக்; சமநிலையில் நின்ற மூவருக்குள் கூடுதல் ஹோல்களில் பிளேஆஃப்; தோல்வி.

நானும் என் நண்பர்களும் இதை அறிவீனம் என்றே பேசி வந்தோம். ஆனால் நான் கேட்ட உரையாடல்களில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். அது சக ஆட்டக்காரர் மீதான மரியாதை மட்டும்தானா, அல்லது நம் கண்ணுக்குப் படாத ஒன்று அவர்களுக்குத் தெரிகிறதா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய கேடி

ஐயா, இளமையில் மலைப்பகுதித் திடல் ஒன்றில் மூன்று ஆண்டுகள் பை சுமந்தவன் நான். உலகத் தரப் போட்டிகளுக்கும் எனக்கும் வெகுதூரம் என்றாலும், பந்துக்குப் பக்கத்தில் நிற்பவனின் கண்ணால் இதைச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

பார்ப்பவர்களாகிய நாம் பந்து எங்கே போய் நின்றது என்பதை வைத்து அடியை எடைபோடுகிறோம். ஆடுபவரும் கேடியும், அடிப்பதற்கு முன்பு தங்களுக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்பதை வைத்து எடைபோடுகிறார்கள். அந்தக் கணக்கில் இரண்டாவது அடியைப் பாருங்கள். டிரைவரில் விலகிய பந்து, ஓடை வளைந்து செல்லும் இடத்தில் தண்ணீருக்குள் போகாமல் தரையில் நின்றது. அது பெரிய அதிர்ஷ்டம். பந்து கிடந்த நிலையும் மோசமில்லை. எனவே ஓடையைத் தாண்டி முன்னே அனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வலப்பக்கம் விலகினால் என்ன ஆகும்? அங்கே பார்வையாளர் மேடை இருக்கிறது. பந்து மேடைக்குள் விழுந்து தங்கிவிட்டால், அது தற்காலிகமாகக் கட்டப்பட்ட தடை என்பதால் தண்டனை ஸ்ட்ரோக் இல்லாமல் வேறிடத்தில் பந்தை இட்டு ஆடலாம். பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்கள் மேடைகளையும் கணக்கில் சேர்த்தே குறி வைப்பார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் நமக்கு இது தோன்றுவதே இல்லை. அன்று பந்து மேடையின் கம்பியில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்து ஓடையின் கற்சுவரிலும் பட்டு மறுபடி எகிறி, முழங்கால் உயரப் புல்லுக்குள் போய் விழுந்தது. இந்த இரட்டைத் துள்ளலை எந்தக் கேடியும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது.

ஆகவே இரண்டாவது அடியைப் பழிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. என் குறை மூன்றாவது அடியைப் பற்றியது. அந்த இடத்தில் இரண்டு ஸ்ட்ரோக் முடிந்திருக்கிறது. வெற்றிக்கு ஆறு போதும். கையில் இன்னும் நான்கு இருக்கின்றன. வெட்ஜை (குறுகிய தூரத்துக்கான கோலை) எடுத்துப் பக்கவாட்டிலோ, தேவைப்பட்டால் பின்னோக்கியோ ஃபேர்வேக்கு (புல் வெட்டிய ஆட்டப் பாதைக்கு) தள்ளியிருந்தால் மூன்று. அங்கிருந்து க்ரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைக்கு) நான்கு. இரண்டு பட்டில் (குழியை நோக்கி உருட்டும் அடியில்) ஆறு. வேலை முடிந்தது. அதை விட்டு, அடர்ந்த புல்லில் இருந்து ஓடையைத் தாண்ட முயன்றார். கோலின் தலை புல்லில் சிக்கியது. பந்து தண்ணீரில் விழுந்தது. அந்த இடத்தில்தான் கேடியின் குரல் ஒலித்திருக்க வேண்டும். அவருடைய கேடி கிறிஸ்டோஃப் ஆஞ்சியோலினியை நான் குறை சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் மூச்சடங்கி நிற்கும்போது, ஆட்டக்காரரின் கையைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது பை சுமந்தவர்களுக்குத் தெரியும்.

ஃபில் மிக்கெல்சனுக்கு 25 ஆண்டுகள் கேடியாக இருந்த ஜிம் மெக்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஆட்டக்காரரின் முடிவை முற்றாகத் தடுக்கும் உரிமை அவருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு முறை உண்டாம். ஒரே ஒரு முறை! மற்ற நாட்களில் எல்லாம் தூரத்தையும் காற்றையும் சொல்லி, தயங்கும் இடத்தில் ஒரு கேள்வி கேட்டு, பிறகு விலகி நிற்பதுதான் கேடியின் வேலை.

பதில் 2: கடற்கரைத் திடல்

முந்தைய பதிலின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் அதன் முடிவை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. தவறு டீயிலேயே (முதல் அடி அடிக்கும் இடத்திலேயே) தொடங்கிவிட்டது என்பது என் உறுதியான எண்ணம். மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையோடு, பாரி பர்ன் சுற்றி வளைந்து ஓடும் அந்த ஹோலில் டிரைவர் எதற்கு? அயனால் ஃபேர்வேயில் வைத்து, மீண்டும் அயனால் ஓடைக்கு முன்னால் நிறுத்தி, மூன்றாவது அடியில் க்ரீனுக்கு வந்திருந்தால் மூன்று பட் அடித்தாலும் கோப்பை கையில் இருந்திருக்கும்.

வான் டெ வெல்ட் இதற்கு அன்றே பதில் சொன்னார். வெட்ஜ் வெட்ஜாக அடித்து வென்றிருக்கலாம்தான், ஆனால் அந்த வாரம் முழுவதும் தான் ஆடிய முறைக்கு அது பொருந்தியிருக்காது என்ற பொருள்படப் பேசினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். எனினும் 2006-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனில், விங்ட் ஃபுட்டின் கடைசி ஹோலில் ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையோடு நின்ற மிக்கெல்சன் டிரைவரை எடுத்து, விருந்தினர் கூடாரத்தின் பக்கம் அடித்து, இரட்டைப் போகியில் (பாரை விட இரண்டு அதிகம்) தோற்றபோது தன்னையே கடுமையாகக் கடிந்துகொண்டார். அன்று அவர் 14 ஃபேர்வேக்களில் இரண்டில்தான் பந்தை நிறுத்தியிருந்தார். தோற்ற ஆட்டக்காரரே தன் முடிவைத் தவறு என்று சொல்லும்போது நாமும் தவறு என்று சொல்லலாம். அது அவமதிப்பு ஆகாது.

இன்னொரு செய்தி. அதே ஆண்டு குளிர்காலத்தில் ஒரு பட்டர் (பட் அடிக்கும் கோல்) நிறுவனத்தின் விளம்பரத்துக்காக வான் டெ வெல்ட் கார்னூஸ்டிக்குத் திரும்பி வந்து, 18-ஆவது ஹோலை முழுவதும் பட்டரால் மட்டுமே ஆடிப் பார்த்தார். மூன்றாவது முயற்சியில் ஆறு ஸ்ட்ரோக்கில் முடித்தார். ஜூலையில் அவருக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கை அதுதான். அதைப் படித்த நாளில் எனக்கு வருத்தமே மேலிட்டது.

பதில் 3: மழைக்கால மாணவி

கேள்வி கேட்டவர் அதே ஹோலில் எட்டு ஆண்டுகள் கழித்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் உள்ளிருந்து பேசுகிறவர்களின் சொற்கள் அங்கேதான் முழுப் பொருள் பெறுகின்றன.

2007-இல் ஓப்பன் மீண்டும் கார்னூஸ்டிக்கு வந்தது. அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டன் கடைசி நாளை ஆறு ஸ்ட்ரோக் பின்தங்கித் தொடங்கி, 18-ஆவது டீயில் ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையோடு நின்றார். டிரைவரில் பந்து பாரி பர்னுக்குள் போனது. தண்டனை ஏற்று, பந்தை இட்டு அடுத்து அடித்ததும் க்ரீனுக்கு முன்னால் அதே ஓடைக்குள் விழுந்தது. வான் டெ வெல்ட்டுக்கு நேர்ந்ததை விடவும் மோசமான நிலை என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹாரிங்டனின் கையில் மிச்சம் வைத்த ஸ்ட்ரோக்குகள் இல்லை.

பிற்காலப் பேட்டிகளில் ஹாரிங்டன் அந்த நிமிடங்களை மிகத் திறந்த மனத்தோடு விவரித்திருக்கிறார். இரண்டாவது பந்தும் தண்ணீரில் விழுந்ததும் ஓப்பனைத் தொலைத்துவிட்டோம் என்றே அவர் நினைத்தார். வெட்கத்தில் உடல் கூசியது. அவருடைய கேடி ரோனன் ஃப்ளட் (அவருடைய சகலையும்கூட) அடுத்த அடி வரையிலான நடை முழுவதும் பேசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு அடியாக ஆடு, சிறு அடிகளில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதுபோன்ற, எல்லோரும் சொல்லும் சாதாரணச் சொற்கள்தாம் அவை. முதலில் அவற்றைக் கேட்க ஹாரிங்டனுக்கு எரிச்சலாக இருந்ததாம். ஆனால் ஃப்ளட் நிறுத்தவில்லை. பந்தின் அருகே வந்து சேர்ந்தபோது ஹாரிங்டனுக்கு மீண்டும் நம்பிக்கை வந்திருந்தது. அங்கிருந்து அடித்த பிட்ச் (உயர எழும்பும் குறுகிய அடி) குழிக்குச் சில அடி தூரத்தில் நின்றது. பட்டும் உள்ளே விழுந்தது. ஆறு ஸ்ட்ரோக். பின்னால் வந்த செர்ஜியோ கார்சியா பார் எடுத்தாலே வென்றிருப்பார். அவருடைய பட் குழியின் விளிம்பைத் தொட்டு விலகியது.

நான்கு ஹோல் பிளேஆஃபில் இருவரும் மறுபடி 18-ஆவது டீக்கு வந்தபோது ஹாரிங்டனுக்கு இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலை இருந்தது. இம்முறை அவர் டிரைவரைத் தொடவில்லை. இரண்டாவது அடியையும் ஓடைக்கு முன்பே நிறுத்தி, மூன்றாவதில் க்ரீனுக்கு வந்து, இரண்டு பட்டில் போகியோடு முடித்து ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றார். கடற்கரைத் திடல் அவர்கள் 1999-க்குச் சொன்ன வழி இதுவேதான். அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் தெளிவு, சற்று முன்புதான் அதே ஓடையில் இரண்டு பந்துகளை இழந்த மனிதருக்கு எப்படி வந்தது? கேடியின் பேச்சுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். 18-ஆவது ஹோலைப் பற்றி விவாதிக்கும்போது நாம் எந்தக் கோலை எடுப்பது என்பதைப் பற்றியே பேசுகிறோம். ஹாரிங்டனோ ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட நடையைப் பற்றிப் பேசுகிறார்.

பதில் 4: அபர்டீன் அஞ்சல்

வென்றவரின் பெயர் இதுவரை ஒருவர் பதிலிலும் வரவில்லை. எனவே அதை எழுதிவிடுகிறேன். 1999-இன் சாம்பியன் பால் லாரி. அபர்டீன்காரர், உலகத் தரவரிசையில் 159-ஆவது இடத்தில் இருந்தவர், தகுதிச் சுற்றில் ஆடித்தான் உள்ளே வந்தார். கடைசி நாளைப் பத்து ஸ்ட்ரோக் பின்தங்கித் தொடங்கி 67 எடுத்தார். பெரும் சாம்பியன்ஷிப்களின் வரலாற்றில் கடைசிச் சுற்றில் இவ்வளவு பின்னிருந்து வென்றவர் வேறு எவரும் இல்லை. அந்த வாரம் திடல் எப்படி இருந்தது என்பதற்கு மூவரும் பகிர்ந்த 290 என்ற எண்ணிக்கையே சான்று: பாருக்கு ஆறு அதிகம். பிளேஆஃபில் ஆடிய மூன்றாமவர் ஜஸ்டின் லெனர்டும் அன்று அதே 18-இல் பாரி பர்னுக்குள் அடித்து ஒரு ஸ்ட்ரோக்கை இழந்தவர்தான்.

பிளேஆஃபின் கடைசி இரு ஹோல்களிலும் லாரி பர்டி (பாரை விட ஒன்று குறைவு) எடுத்தார். 18-இல், எல்லோரையும் விழுங்கிய அந்த ஓடையைத் தாண்டி, நான்காம் எண் அயனால் குழிக்குச் சில அடி தூரத்தில் பந்தை நிறுத்தினார். அந்த நாளின் மிகச் சிறந்த அடி அது. அதைப் பற்றிப் பேசாமல் இன்னொருவரின் ஈரக் கால்களைப் பற்றியே கால் நூற்றாண்டாகப் பேசி வருவது லாரிக்குச் செய்யும் அநீதி என்பது என் ஆற்றாமை. அவருடைய பேட்டிகளிலும் கேள்விகள் பெரும்பாலும் வான் டெ வெல்ட்டைப் பற்றியே எழுவதைக் கவனியுங்கள்.

வடவள்ளி வாசகன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்றாவது அடியின் கணக்கு எனக்குப் புதிது. அந்தக் காணொளியை மறுபடி பார்த்தபோது, அவர் புல்லுக்குள் நின்று யோசிக்கும் அந்தச் சில விநாடிகளில் பழைய கேடி ஐயா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. லாரியின் பெயரை என் கேள்வியில் விட்டது என் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள். கேடியாக இருந்தவரிடம் ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன்: அந்தப் புல்லில் நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பழைய கேடி

ஓடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டேன் ஐயா. தண்ணீரில் விடாதே என்று சொன்னால் ஆடுபவரின் மனம் தண்ணீருக்குத்தான் போகும். எனக்கு முதலில் கற்றுத்தந்த மூத்த கேடி அதை இரண்டாம் நாளே சொல்லிவிட்டார். வெட்ஜை உருவி அவர் கையில் கொடுத்து, ஃபேர்வேயில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே வை, மீதியைப் பிறகு பார்ப்போம் என்றிருப்பேன். கேட்டிருப்பாரா என்பது வேறு.

மழைக்கால மாணவி அவர்கள் எழுதியதை வாசித்தபின் இன்னொன்றும் தோன்றுகிறது. வெட்ஜைக் கொடுப்பதற்கு முன், பையைத் தரையில் இறக்கி வைத்து, ஒரு நிமிடம் வேறு ஏதாவது பேசியிருப்பேன்.