‘கம்ஃபர்ட்’, ‘டிராக்’: திருகில் என்ன எழுதுவது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கையேட்டைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். பதிவு எண் வாங்கிச் சாலையில் ஓட்டக்கூடிய வண்டி, ஆனால் பந்தயத் தடத்தை மனத்தில் வைத்தே செதுக்கப்பட்டது. ஸ்டீயரிங் வளையத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் ‘கம்ஃபர்ட்’, மறுமுனையில் ‘டிராக்’. திருகினால் அந்தச் சொல் திரையில் வரும். தமிழ்த் திரைக்கு எட்டு எழுத்துக்குள் இரண்டு சொற்கள் வேண்டும், திங்கட்கிழமைக்குள்.

‘சொகுசு’, ‘பந்தயம்’ என்று முதலில் போட்டேன். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். பின்னிருக்கையைக்கூடக் கழற்றிவிட்ட வண்டியில் சொகுசு எங்கே வந்தது என்று கேட்கிறார். கேள்வி நியாயம்தான். ‘பந்தயம்’ என்று போட்டால் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டச் சொல்வதுபோல் ஆகும் என்று சட்டம் பார்ப்பவர்களும் தயங்குகிறார்கள்.

கையேட்டில் ‘கம்ஃபர்ட் ஃபீச்சர்ஸ்’ என்று தனி அத்தியாயமும் இருக்கிறது. அங்கும் அதே சொல் பொருந்துமா?

வாகனப் பொறியியல் ஆசிரியை எழுதியது:

> அங்கும் அதே சொல் பொருந்துமா?

பொருந்தாது. என் மாணவர்களும் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள்.

ஏசி, ஒலிபெருக்கி, மோட்டார் வைத்த இருக்கை, சத்தத்தை அடைக்கும் பஞ்சு, தகடு எல்லாம் பொருள்கள். வண்டியில் இருக்கும், அல்லது இருக்காது. பந்தயத் தடத்தோடு இவற்றுக்கு இருக்கும் பகை எடைப் பகை. 1973இல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 இரண்டு வகையாகக் கிடைத்தது. டூரிங் வகையில் உள்ளலங்காரம் முழுதாக இருந்தது. எடை குறைத்த வகையில் பின்னிருக்கை போனது, கடிகாரம் போனது, கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு வார் வந்தது, கண்ணாடியும் மெல்லியதானது. இரண்டுக்கும் நடுவே சுமார் 100 கிலோ. 1992இல் ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ்-ஆர் வண்டியும் இதே வழியில் போய்ச் சுமார் 120 கிலோ இளைத்தது.

திருகு தொடும் விஷயம் வேறு. சாதாரணக் காரின் உடல் தன் சுருள்வில்களின் மேல் நொடிக்கு 1 முதல் 1.5 முறை ஏறி இறங்கும். ஸ்போர்ட்ஸ் காரில் இது 2ஐ நெருங்கும். காற்றின் அழுத்தத்தால் தரையோடு ஒட்டி ஓடும் பந்தயக் காரில் 3, 4, 5 என்றுகூடப் போகும். செங்குத்து அதிர்வில் மனித உடலை அதிகம் வருத்துவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 4 முதல் 8 முறை, என்பதுதான் ஐஎஸ்ஓ 2631 தரநிலையின் கணக்கு. வில்லை இறுக்கிக்கொண்டே போனால், உடம்பு தாங்காத இடத்துக்கு நாமே போய்ச் சேருகிறோம்.

திருகு அந்தச் சுருள்வில்லை மாற்றுவதில்லை. பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் இறுக்கம், ஸ்டீயரிங்கின் கனம், ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு துடிப்பாகப் பதில் சொல்கிறது, வண்டி வழுக்கும்போது மின்னணுக் கட்டுப்பாடு எப்போது குறுக்கிடுகிறது ஆகியவற்றைத்தான் மாற்றும். எனவே அத்தியாயத்துக்கு ‘வசதிகள்’, திருகுக்கு ‘மென்மை’. எதிர்முனைக்கு ‘கடுமை’ போடலாம்.

தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா பிரித்துக் காட்டியது நன்று. ஆனால் ‘வசதி’ வடசொல். ‘ஏந்து’ என்ற நல்ல சொல் தனித்தமிழில் புழங்குகிறது. ‘ஏந்துகள்’ என்றே அத்தியாயத் தலைப்பை அமைக்கலாம்.

‘கடுமை’ என்று சொன்னதும் எனக்கு வேறொன்று தோன்றியது. தொல்காப்பிய உரியியலில் ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லப்படுகிறது: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. அடுத்த நூற்பா ஐயத்தையும் கரிப்பையும் சேர்க்கிறது. விரைவு, கூர்மை, காப்பு, அச்சம் ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் தாங்குவது வேறு எந்த மொழியில் இருக்கிறது? பந்தயத் தடத்தில் ஓட்டுபவனுக்கு இந்த நான்கும் ஒரே நொடியில் வேண்டும். கடுந்தேர், கடும்பரி என்று சங்கப் பாட்டில் வருவதும் இதே வேர் என்பது என் துணிபு. ஆகவே ‘கடிநிலை’. நான்கே எழுத்து.

அது வேண்டாமென்றால் ‘துனைவு’ இருக்கிறது. கதழ்வு, துனைவு இரண்டுக்கும் விரைவுதான் பொருள் என்று அதே உரியியல் சொல்கிறது.

சத்தத்தை அடைப்பதும் நமக்குப் புதிதன்று. அகநானூற்றின் 4ஆம் பாட்டில் தலைவன் தேரின் மணி நாவைக் கட்டிவைத்துவிட்டு வருகிறான். பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவனுக்கு.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் ‘கடி’ என்று கண்ணில் பட்டதும் இன்றைய வாசகர் நாயைத்தான் நினைப்பார். பன்னிரண்டு பொருளும் உரையாசிரியருக்குத் தெரியும், வண்டியோட்டிக்குத் தெரியாது. வளைவுக்குள் நுழையும்போது திரையை அரை நொடிதான் பார்க்க முடியும். ‘துனைவு’ என்றால் ‘துணை’ என்று எழுத்துப்பிழை விழுந்ததாக நினைப்பார்கள்.

ஆசிரியை எழுதியது:

அகநானூற்றுத் தேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஐயா. மணி நாவைக் கட்டினால் எடை கூடாது. சத்தம் பிறக்கும் இடத்திலேயே நிறுத்தியாயிற்று. காரில் அப்படி முடிவதில்லை. டயரும் எஞ்சினும் எழுப்பும் அதிர்வு உடல் தகட்டில் ஏறிய பிறகு அதை அடக்கக் கனமான பூச்சும் பஞ்சும் வேண்டும். அமைதியைக் கிலோ கணக்கில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எடை குறைக்கும்போது முதலில் சத்தத் தடுப்பு வெளியே போவது அதனால்தான். அந்தத் தலைவன் செய்த வேலையை எந்தப் பொறியாளரும் மெச்சுவார்.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

இழை கொஞ்சம் விலகினாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ‘சுகம்’ என்ற சொல்லே தேரிலிருந்து வந்ததாக ஒரு விளக்கம் உண்டு. ரிக் வேதத்தில் ‘சுக’ என்பது தேருக்கு மட்டும் அடையாக வருகிறது. தடையில்லாமல் விரைந்து ஓடும் தேர் என்று பொருள். ‘சு’ என்றால் நல்ல, ‘க’ என்றால் துளை, அதாவது சக்கரக் குடத்தில் அச்சு நுழையும் துளை. துளை செம்மையாக இருந்தால் தேர் சுகம். மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி இதைத் தருகிறது. ‘சுஸ்த’ (நல்ல நிலையில் இருப்பது) திரிந்து வந்திருக்கலாம் என்ற மாற்றுக் கருத்தும் அங்கேயே இருக்கிறது.

முதல் விளக்கம் சரியென்றால் வேகமும் சொகுசும் தொடக்கத்தில் ஒரே சொல்லில் இருந்தவை. குடத்துளை செம்மையாக இருக்கும் தேர் விரைவாகவும் ஓடும், குலுக்கவும் செய்யாது. நாம்தான் இரண்டையும் எதிரெதிர் முனையில் வைக்கிறோம். ‘சுகம்’ என்றே போடலாமே?

தமிழாசிரியர் எழுதியது:

வடமொழித் துளை வழியாகத் தமிழ்க் கார் ஓட வேண்டுமா? சக்கரத்துக்குக் குடம், குறடு, ஆர், சூட்டு என்று உறுப்புக்கு உறுப்பு பெயர் வைத்த மொழி இது. கடனுக்குப் போக வேண்டியதில்லை.

ஆசிரியை எழுதியது:

சொல் எங்கிருந்து வந்ததோ, அகராதிக்காரர் சொன்ன கருத்து பொறியியலுக்கு ஒத்துவருகிறது. ஷாக் அப்சார்பரை ஒரே இறுக்கத்தில் பூட்டிவைத்த காலத்தில்தான் மென்மையா, பிடிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இரும்புத் துகள் கலந்த எண்ணெயைக் காந்தப்புலத்தால் கெட்டிப்படுத்தும் முறை 2003 மாடல் கார்வெட்டில் வந்தது. சில மில்லிநொடிகளில் இறுக்கம் மாறும். பள்ளத்தில் இளகும், வளைவில் இறுகும். ஆனாலும் பகை முழுதாகத் தீரவில்லை. வில்லும் டயரும் உயரமும் அப்படியே இருக்கின்றன.

தடத்தில் ஓட்டுபவர் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓட்டுகிறவனாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

‘மென்மை - கடுமை’ எனக்குப் பிடித்திருக்கிறது. திருகு என்ன செய்கிறதோ அதைச் சொல்கிறது. மேடுபள்ளம் நிறைந்த தடத்தில் மென்மையில் ஓட்டினால்தான் நேரம் குறையும். இறுக்கிவைத்தால் டயர் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு ஏது? மழையிலும் அப்படித்தான். மென்மை என்றால் சொகுசு என்று நினைத்துக்கொண்டு தடத்துக்கு வருகிறவர்கள் முதல் நாளில் கற்பது இதைத்தான்.

வசதிகளைப் பற்றியும் ஒன்று. 1987இல் வந்த ஃபெராரி எஃப்40யில் தரைவிரிப்பு இல்லை, ரேடியோ இல்லை, உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு கம்பிக்கயிறு. ஆனால் ஏசி உண்டு. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் கொதிக்கும் வண்டியில், ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கினால் பிரேக் பிடிக்கும் இடம் தவறிவிடும். அங்கே ஏசியும் ஓட்டத்துக்கான கருவிதான். 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 எடைக்கு அவ்வளவு அஞ்சிய வண்டி, அதிலும் ஏசி இருந்தது. ஆகவே ‘வசதி’ என்று ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு மூடுவதும் எனக்கு நெருடுகிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வாங்குபவரே ‘ரேடியோ டெலீட்’, ‘ரியர் சீட் டெலீட்’ என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கிறது. ‘நீக்கம்’ போதுமா?

தமிழாசிரியர் எழுதியது:

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். எழுத்து இருந்த இடத்தில் இல்லாமல் போவது கெடுதல். இலக்கணத்துக்கு மிகப் பொருத்தம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘ஏசி கெடுதல்’ என்று அச்சிட்டால் வாடிக்கையாளர் வண்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோய் நிறுத்துவார், ஐயா. ‘நீக்கம்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

சரி, நீக்கம் இருக்கட்டும். இலக்கணச் சொல்லுக்கு இன்றைய பேச்சில் பொருள் மாறியிருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே காரணத்தைச் சொல்லி ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொண்டே போனால் நம் கையில் மிஞ்சுவது என்ன? கடிநிலையை ஒரு முறை கையேட்டில் அச்சிட்டால், பத்து ஆண்டில் எல்லோருக்கும் பழகிவிடும். ‘கணினி’யும் முதலில் புரியாத சொல்தானே?

ஆசிரியை எழுதியது:

கணினிக்குப் பின்னால் பாடநூலும் வகுப்பறையும் இருந்தன, ஐயா. மாணவன் தவறாகப் புரிந்துகொண்டால் மதிப்பெண் போகும். இங்கே ஆள் போய்விடுவான். எச்சரிக்கை தரும் சொல்லில் புதுமை கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். புத்தகத்தில் எழுதுங்கள், கட்டுரையில் எழுதுங்கள். திருகில் வேண்டாம்.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

‘டிராக்’ என்பதை இடப்பெயராகவே வைத்தால் ‘தடம்’ உண்டு. ‘தடகளம்’ மெய்வல்லுநர் விளையாட்டுக்குப் போய்விட்டது, ‘ஓடுதளம்’ விமானத்துக்குப் போய்விட்டது. ‘தடம்’ இன்னும் கையில் இருக்கிறது. அப்படியானால் மறுமுனை ‘சாலை’. சாலைக்கு ஒரு நிலை, தடத்துக்கு ஒரு நிலை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘சாலை - தடம்’ எனக்கு நிம்மதி தருகிறது. இரண்டும் சின்னச் சொற்கள், யாருக்கும் புரியும். முக்கியமாக, ‘தடம்’ நிலையைப் பொதுச்சாலையில் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை திருகிலேயே வந்துவிடுகிறது. சட்டம் பார்ப்பவர்களும் ஏற்பார்கள். கட்டுப்பாடு தாமதமாகக் குறுக்கிடும் நிலையில் ஒருவர் ஈரச் சாலையில் போய்ச் சுழன்றுவிடக் கூடாது.

தடத்தில் ஓட்டுபவர் எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. ஈரமான தடத்தில் நான் ‘சாலை’ நிலையில் ஓட்ட வேண்டியிருக்கும். புதிதாக வருபவர் தடத்தில் நிற்பதால் ‘தடம்’தான் சரி என்று திருப்பிவிடுவார். இடத்தின் பெயரை வைத்தால் இடத்தைப் பார்த்துத்தான் திருகுவார்கள், தரையைப் பார்த்துத் திருக மாட்டார்கள்.

இன்னொன்று. திருகைத் திருப்பினால் வண்டி தடத்து வண்டியாக மாறிவிடாது. தடத்துக்குச் சக்கரத்தின் தலையை மூன்று டிகிரி வரை உள்ளே சாய்ப்போம். அதோடு சாலையில் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும். தடத்துப் பிரேக் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். வீடு திரும்பும் வழியில் முதல் சிக்னலில் கீச்சிடும், பிடிக்கவும் தயங்கும். பிரேக் எண்ணெயின் கொதிநிலையையும் கவனிக்க வேண்டும். இதெல்லாம் கையால், கருவியால் செய்யும் வேலை. திரையில் ‘தடம்’ என்று மின்னினால் எல்லாம் முடிந்ததாக நம்பிவிடுவார்கள்.

ஆசிரியை எழுதியது:

சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்க முடியாது. பொறியியல்படி ‘மென்மை’தான் சரி, நான் தொடங்கியதும் அங்கேதான். ஆனால் ‘கடுமை’ என்ற சொல்லில் ‘இங்கே பயன்படுத்தாதே’ என்ற எச்சரிக்கை இல்லையே. அதற்காக மட்டும் ‘சாலை - தடம்’ பக்கம் சாய்கிறேன். மனமொப்பி இல்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று கோப்பை மூட வேண்டும். திரையில் ‘சாலை’, ‘தடம்’. அத்தியாயம் ‘வசதிகள்’. பட்டியலில் ‘நீக்கம்’. ‘ஸ்ட்ரீட் லீகல்’ என்பதற்குச் ‘சாலை ஒப்புதல் பெற்ற’ என்று போட்டிருக்கிறேன். ‘சாலைத்தகுதி’ என்றால் வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது என்று மட்டும் ஆகிவிடும், சட்டத்தின் அனுமதி அதில் வராது. ‘தடம்’ பக்கத்தின் கீழே, ஈரமான அல்லது மேடுபள்ளமான தடத்தில் ‘சாலை’ நிலையே ஏற்றது என்று ஒரு குறிப்பும் சேர்த்துவிட்டேன்.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். குழுவின் சொல்லடைவில் ‘கடிநிலை’யையும் ‘ஏந்து’வையும் மாற்றுச்சொற்களாகப் பதிந்து வையுங்கள். ‘கதழ்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

தடத்தில் ஓட்டுபவர் எழுதியது:

குறிப்புக்கு நன்றி. ஆனால் குறிப்பை யாரும் படிப்பதில்லை, திருகைத்தான் படிக்கிறார்கள். அடுத்த பதிப்பு வரும்போது ‘மென்மை’யை மறுபடி கேட்பேன்.