ஹராரே நட்பு பெஞ்ச்: குணமாக்கியது பாட்டியா, முறையா?

தேன்சிட்டு:
உளவியல் கருத்தரங்குக்கு ஜிம்பாப்வேயின் நட்பு பெஞ்சை எடுத்திருக்கிறேன். பாட்டிமார் மரத்தடியில் இளம்பெண்களோடு பேசுகிறார்கள், மனச்சோர்வு குறைகிறது. படித்ததெல்லாம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. அந்த பெஞ்சில் உண்மையில் என்ன நடக்கிறது? பாசத்தின் பங்கையும் முறையின் பங்கையும் எப்படிப் பிரிப்பது?

நெல்லிமரம்:
பேச்சுக்கு முன்னால் மனச்சோர்வையும் பதற்றத்தையும் அளக்கும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, எஸ்எஸ்க்யூ-14. அங்கே பேசும் ஷோனா மொழியிலேயே உருவானது; கடந்த ஒரு வாரம் பற்றி 14 கேள்விகள், ஆம் அல்லது இல்லை. 2016-இல் வெளியான சோதனையில் 9-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களைத்தான் சேர்த்தார்கள். இந்த நிலைக்கு அங்கே சாதாரணமாகப் புழங்கும் சொல் ‘குஃபுங்கிசிசா’. அளவுக்கு மீறி யோசிப்பது.

பிறகு 6 அமர்வுகள். முதலில் ‘குவூரா ப்ஃபுங்வா’, மனதைத் திறப்பது. வந்தவள் எல்லாவற்றையும் கொட்டுவாள்: வாடகை பாக்கி, குடிக்கிற கணவன், எச்ஐவி மாத்திரை. அதில் ஒன்றே ஒன்றை அவளே எடுக்க வேண்டும், வழியும் அவள் வாயிலிருந்தே வர வேண்டும். ‘வாடகையை எப்படியாவது கட்டணும்’ என்றால் அது திட்டம் இல்லை. ‘வியாழன் காலை வீட்டுக்காரரைப் பார்த்து, பாதி இப்போ, மீதி மாசக் கடைசியில் என்று கேட்கிறேன்’ என்றால் திட்டம். அடுத்த அமர்வில் முதல் கேள்வியே ‘போனியா, என்ன சொன்னார்?’ என்பதாக இருக்கும்.

கெடுவது பாட்டி புத்தி சொல்லத் தொடங்கும் இடத்தில். பெரியவர் சொல்லுக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவாள், செய்ய மாட்டாள். தற்கொலை எண்ணம் தெரிந்தால் பாட்டி தனியாகக் கையாளக் கூடாது, உடனே மேற்பார்வையாளரிடம் அனுப்ப வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எண்களையும் பாருங்கள். அந்தச் சோதனையில் தலைநகர் ஹராரேயின் 24 மருத்துவ நிலையங்களைக் குலுக்கி இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள், ஒன்றில் பெஞ்ச், மற்றதில் வழக்கமான கவனிப்பு; மொத்தம் 573 பேர். அவர்களில் 86 சதவீதம் பெண்கள், 40 சதவீதத்துக்கு மேல் எச்ஐவி உள்ளவர்கள். 6 மாதம் கழித்து எஸ்எஸ்க்யூ சராசரி பெஞ்ச் பக்கம் 3.81, எதிர்ப்பக்கம் 8.90; எண் குறைந்தால் நல்லது. எதிர்ப்பக்கமும் சும்மா விடப்படவில்லை. செவிலியர் மதிப்பீடு, சிறு ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து எல்லாம் கிடைத்தது.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்த வடிவமைப்பு பதில் தராது. பாட்டியும் முறையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. போதாததற்கு ‘குபத்தானா தோசே’ வட்டம் வேறு, விரும்பியவர்களுக்கு மட்டும்: பெஞ்சுக்கு வந்த பெண்கள் கூடி, பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிக்கொண்டே பேசுவது. அதில் தோழமையும் உண்டு, கைச்செலவுக்குக் காசும் உண்டு. பிரிக்க வேண்டுமானால் மூன்றாவது பக்கம் தேவை: அதே 6 அமர்வை இளம் செவிலியர் நடத்த வேண்டும், வட்டம் கூடாது.

நெல்லிமரம்:
ஆமாம். பாட்டிமாரின் பங்கு பெஞ்சில் உட்கார்வதோடு முடியவில்லை என்பதையும் சேருங்கள். 2006-இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிமாரோடு தொடங்கியபோது அதற்குப் பெயர் மனநல பெஞ்ச். அந்தப் பெயருக்கு யார் வந்து உட்காருவார்கள்? ‘நட்பு’ என்று மாற்றச் சொன்னது பாட்டிமார்தான்.

தேன்சிட்டு:
நன்றி. சிறிய அளவில் ஒரே விடுதியில் 60 பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தால்?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். ஒரே அறையில் இருப்பவர்கள் கற்றதை ராத்திரியே பரிமாறிக்கொள்வார்கள், வித்தியாசம் கரைந்துவிடும். ஹராரேயில் நிலையங்களைக் குலுக்கியதற்கும் காரணம் இதுதான். விடுதி விடுதியாகக் குலுக்குங்கள், ஆனால் ஆள் எண்ணிக்கை கூட வேண்டும். விடுதிக்கு 24 பேர், உள்ளொற்றுமை (ஒரே விடுதிக்காரர்கள் எவ்வளவு ஒத்திருப்பார்கள் என்ற அளவு) 0.02 என்று வைத்தால் ஆள் எண்ணிக்கையை இத்தனை மடங்கு ஆக்க வேண்டும்: 1 + 23 × 0.02 = 1.46. 60 பேர் போதும் என்று போட்ட கணக்கு 88 ஆகும்.