நம்ம வீட்டுக் குழு: தாத்தா மணிவிழா வீடியோ

அக்கா (காலை 9.40): அப்பா, மணிவிழா வீடியோ பென்டிரைவில் ஏறவே மாட்டேன் என்கிறது. 32 ஜிபி பென்டிரைவ், உள்ளே நிறைய இடம் இருக்கிறது. பிறகு ஏன்?

அப்பா: கேசட்டிலிருந்து மாற்றியபோது முழுவதும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிட்டார்கள் அம்மா. 11 ஜிபி.

அத்தான்: அதுதான் காரணம் மாமா. பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும். அதில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தொடக்கூட முடியாது. எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

அம்மா: அழிக்காதீர்கள். என் பஜனைப் பாட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அத்தான்: சரி அத்தை, தொட வேண்டாம். மாமா கணினியில் லினக்ஸ் மின்ட், பாப்பாவின் அக்காவிடம் மேக், பாப்பாவிடம் விண்டோஸ். மூன்றும் ஒரே ரவுட்டரில் இருப்பதால் பென்டிரைவே தேவையில்லை. ஒரு கணினியின் கோப்புகளை இன்னொன்றில் திறக்க உதவும் எஸ்எம்பி என்ற முறை மூன்றுக்கும் தெரியும். விண்டோஸிலும் மேக்கிலும் கூடவே வருகிறது. லினக்ஸில் சம்பா என்ற மென்பொருள் போட வேண்டும்.

அப்பா: சம்பாவா? நெல் மாதிரி இருக்கிறதே!

அத்தான்: ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கியது மாமா. 1992-ல் முதல் வடிவத்தை வெளியிட்டார். பிறகு பெயரை மாற்ற வேண்டி வந்தபோது, எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி எடுத்தார்.

நான்: அத்தான், நேற்று ஒரு வீடியோவில் எஸ்எம்பியின் பழைய வடிவமான எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்தால் மற்ற கணினிகள் எல்லாம் தெரியும் என்றார்கள். செய்யட்டுமா?

அத்தான்: வேண்டவே வேண்டாம் பாப்பா. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இங்கிலாந்தில் மருத்துவமனைகளே முடங்கின. இப்போதைய சம்பாவுக்கு அது தேவையும் இல்லை.

அத்தான்: மாமா, வீடியோ இருக்கும் ஃபோல்டரில் ரைட் கிளிக், ஷேரிங் ஆப்ஷன்ஸ். சம்பாவை நிறுவட்டுமா என்று கேட்டால் சரி கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மற்றவர்கள் கோப்பை உருவாக்கவோ அழிக்கவோ விடலாமா என்ற கட்டத்தில் டிக் வேண்டாம். சம்பாவுக்குத் தனி பாஸ்வேர்ட் வைக்க வேண்டும், அதற்கான கட்டளையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அப்படியே ஒட்டினால் போதும்.

அப்பா (10.25): செய்துவிட்டேன் மாப்பிள்ளை. என் கணினியின் ஐபி எண், அதாவது ரவுட்டரில் அதன் முகவரி, 192.168.1.20.

அக்கா: மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் கமாண்டும் கே-யும் அழுத்தி அந்த எண்ணைப் போட்டேன். ஃபோல்டர் வந்துவிட்டது!

நான்: எனக்கு பாஸ்வேர்ட் தவறு என்றே வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

அத்தான்: உன் லேப்டாப்பின் பின் எண்ணைப் போடுகிறாயா? அது உன் லேப்டாப்போடு சரி. நீ தட்டுவது அப்பா வீட்டுக் கதவை, அதனால் அப்பாவின் லினக்ஸ் பயனர் பெயரும் அவர் இப்போது வைத்த சம்பா பாஸ்வேர்டும்தான் வேண்டும்.

நான்: திறந்துவிட்டது! ஆனால் ஒரு கோப்பின் பெயர் ஏதோ எழுத்தும் எண்ணும் நடுவில் நெளிகோடுமாக இருக்கிறது. வைரஸா?

அத்தான்: மாமா, பெயரில் நேரம் போட்டிருக்கிறீர்களா?

அப்பா: ஆமாம், 'முகூர்த்தம் 7:30' என்று வைத்தேன்.

அத்தான்: அந்த முக்காற்புள்ளிதான். லினக்ஸ் அதை ஏற்கும், விண்டோஸ் கோப்புப் பெயரில் அதற்கு இடமில்லை. அதனால் சம்பா ஒரு மாற்றுப் பெயரைக் காட்டுகிறது. 7.30 என்று புள்ளி வைத்தால் சரியாகிவிடும். கேள்விக்குறி, நட்சத்திரக் குறியும் வேண்டாம்.

அப்பா: மாற்றிவிட்டேன்.

நான்: இப்போது சரியாகத் தெரிகிறது. நகல் எடுக்கிறேன், நொடிக்கு 11 எம்பிதான் வருகிறது.

அத்தான்: ரவுட்டரின் கேபிள் போர்ட் 100 மெகாபிட் என்றால் அவ்வளவுதான் வரும். 17 நிமிடம் பொறு. முடிந்ததும் மாமாவின் வெளி ஹார்டு டிஸ்கிலும் ஒரு நகல் போட்டு வையுங்கள். பகிர்ந்து வைத்தாலும் மூலக் கோப்பு ஒரே டிஸ்கில்தான் இருக்கிறது.

அக்கா (11.10): அம்மா, மாடிக்கு வாருங்கள். பாட்டி மாலை மாற்றுவது ஓடுகிறது.

அம்மா: அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன், நிறுத்தி வை.